கிணற்றடி மோட்டருக்கு ஏஐ காது: எந்த மொழியில் எழுதுவது?

ஏஐ செய்ய எந்த மொழி படிக்கலாம் என்று கேட்டால் யோசிக்காமல் பைத்தன் என்பார்கள். மைக்ரோகொன்ட்ரோலருக்கு எது என்றால் சி. சரி, அந்தச் சின்னச் சிப்புக்குள்ளேயே ஏஐ ஓட வேண்டும், அதுவும் சொன்ன நேரத்துக்குள் பதில் வர வேண்டும் என்றால் எதைப் பிடிப்பது? கிளிநொச்சி அறிவியல் நகர்ப் பக்கம் புரொஜெக்ட் செய்கிற பெடியள் என்னிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. மொழியின் பெயர் ஒன்றைச் சொல்லி அனுப்பிவிடலாம், ஆனால் அது அரைகுறைப் பதில். ஒரே கருவிக்குள் இரண்டு மூன்று மொழிகளுக்கு வேலை இருக்கும், எந்த வேலையை எதன் தலையில் கட்டுவது என்று தெரிந்தால் போதும். அதற்கு நான் வைத்திருக்கிற கேள்வி ஒன்றுதான்: கெடு தவறினால் என்ன கெடும்?

மாமாவின் மோட்டரை வைத்தே சொல்கிறேன். புதுக்குடியிருப்புப் பக்கம் அவருக்குக் கச்சானும் மிளகாயும் போடுகிற தோட்டம் இருக்கிறது. கிணற்றுக்கு மேலே வைத்து இறைக்கிற சாதாரணக் கரண்ட் மோட்டர். ஆவணி, புரட்டாதியில் கிணறு வற்றும்போது குழாயின் அடி தண்ணீருக்கு மேலே வந்துவிடும், மோட்டர் வெறுமனே சுற்றும். பம்புக்குள் இருக்கிற சீலைக் குளிர வைப்பதும் வழுக்க வைப்பதும் தண்ணீர்தான். அது இல்லாமல் சுற்றினால் சீல் சூடேறிப் பழுதாகி, பிறகு ஒழுகத் தொடங்கும். போன வருசம் அப்படித்தான் ஒன்று போனது. அப்போது மாமா சொன்னது: "தம்பி, சத்தத்தைக் கேட்டாலே எனக்குத் தெரியும் தண்ணி எடுக்குதோ இல்லையோ எண்டு. ஆனா நாள் முழுக்கக் கிணத்தடியில குந்தியிருக்க ஏலுமே?"

அப்போ மாமாவின் காதை ஒரு சிப்புக்குள் வைக்க வேண்டும். நான் எடுத்தது ஒரு ஈஎஸ்பி32 மைக்ரோகொன்ட்ரோலர் போர்ட் (இரண்டு கோர், 240 மெகாஹேர்ட்ஸ், 520 கிலோபைட் உள்மெமரி), மோட்டர் உடம்பில் ஒட்டிய ஒரு எம்பியு6050 அதிர்வு சென்சர், மோட்டரை நிறுத்த ஒரு கொன்டாக்டர் (மோட்டரின் கரண்டைத் தாங்குகிற பெரிய மின் சுவிட்ச்). அதிர்வைக் கேட்டு நான்கில் ஒன்று சொல்ல வேண்டும்: ஒழுங்காக ஓடுகிறது, தண்ணீர் இல்லை, காற்று இழுக்கிறது, பேரிங் தேய்கிறது.

இந்த இடத்தில் ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். தண்ணீர் இல்லாமல் ஓடுவதை மட்டும் பிடிக்க ஏஐ தேவையில்லை. மோட்டர் இழுக்கிற கரண்ட் குறையும், அதை அளந்து ஒரு வரி 'இஃப்' எழுதினால் வேலை முடிந்தது. நானும் முதலில் அதைத்தான் வைத்தேன். ஆனால் எங்கள் லைன் கடைசியில் இருப்பதால் பின்னேரத்தில் வோல்டேஜ் இறங்கும், கரண்ட் அளவும் அதோடு சேர்ந்து ஆடும், நல்லாய் ஓடுகிற மோட்டரைப் போட்டு நிறுத்தும். காற்று இழுப்பதையும் பேரிங்கையும் அந்த ஒரு எண்ணில் பார்க்கவும் முடியாது. அதனால்தான் மொடல், அதாவது பதிவுகளைக் காட்டிப் பழக்கி எடுக்கிற ஏஐ. உங்கள் வேலை ஒரு 'இஃப்'போடு முடியும் என்றால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு அதை எழுதுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

கெடுக்களைப் பிரித்து எழுதுங்கள்

சொன்ன நேரத்துக்குள் பதில் தருவதைத்தான் ரியல்டைம் என்கிறோம். அந்தச் சொல்லைக் கேட்டவுடன் வேகம் என்று நினைக்கிறோம். வேகம் வேறு, ரியல்டைம் வேறு. பத்து செக்கனுக்கு ஒருமுறை வால்வைத் திறக்கிற கருவியும் ரியல்டைம்தான், அந்தப் பத்து செக்கன் ஒருநாளும் தவறக்கூடாது என்றால். ஆகவே கோட் எழுத முதல் ஒரு கொப்பியில் எல்லாக் கெடுவையும் எழுதுங்கள். என் கருவியில் மூன்று இருந்தன.

முதலாவது, சென்சரை ஒவ்வொரு மில்லிசெக்கனுக்கும் ஒருமுறை வாசிக்க வேண்டும், செக்கனுக்கு 1000 தடவை. இரண்டாவது, 256 அளவுகள் சேர்ந்ததும் அடுத்த 256 நிறைவதற்குள், அதாவது 256 மில்லிசெக்கனுக்குள், கணக்கு முடிய வேண்டும். மூன்றாவது, மோட்டரை நிறுத்துவது. அதற்கு இரண்டு செக்கன் போனாலும் சீல் கருகிவிடாது, அதனால் தொடர்ந்து ஐந்து தடவை ஒரே பதில் வந்தால்தான் நிறுத்துவது என்று வைத்தேன், கிட்டத்தட்ட 1.3 செக்கன்.

இப்போது கேள்வியைப் போடுங்கள். மூன்றாவது கெடு அரை செக்கன் பிந்தினால்? ஒன்றும் கெடாது. இரண்டாவது பிந்தினால் ஒரு துண்டு அதிர்வு விடுபடும், அடுத்ததில் பார்த்துக்கொள்ளலாம். முதலாவதுதான் சனியன். ஒரு மில்லிசெக்கனில் எடுக்க வேண்டியதை ஒன்றரையில் எடுத்தால் கருவி தாமதமாகாது, பொய் சொல்லும். எப்படி என்றால், 50 ஹேர்ட்ஸ் கரண்டில் இந்த வகை மோட்டர் நிமிடத்துக்கு 2900 சுற்று அளவில் சுற்றும், அதிர்வு 48 ஹேர்ட்ஸ் பக்கம் வரும். அந்த 256 அளவுகளை எஃப்எஃப்டி போட்டு எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு என்று பிரிக்கிறோம். எல்லா அளவும் சரியாக ஒரு மில்லிசெக்கன் இடைவெளியில் எடுத்தவை என்று நம்பித்தான் அந்தக் கணக்கே நடக்கிறது. இடைவெளி ஆடினால் இல்லாத அதிர்வெண்கள் முளைக்கும், மொடல் அதைப் பார்த்து பேரிங் போய்விட்டது என்று சத்தியம் செய்யும். லப்டொப்பில் 98 சதவீதம் சரியாகச் சொன்ன மொடல் தோட்டத்தில் பைத்தியம் மாதிரி நடந்தால், மொடலைத் திட்ட முதல் இந்த இடைவெளியைப் பாருங்கள்.

மைக்ரோபைத்தனும் முறிகண்டியும்

முதல் தடவை முழுவதையும் மைக்ரோபைத்தனில்தான் (சிப்புக்குள் ஓடுகிற சின்னப் பைத்தன்) எழுதினேன். அழகான மொழி. ஒரு பின்னேரத்தில் சென்சர் வாசித்து, திரையில் எண் ஓடி, எனக்கே என்மேல் மதிப்பு வந்துவிட்டது. பிறகு இடைவெளியை அளந்து பார்த்தால், பெரும்பாலும் சரி, இடைக்கிடை ஒரு பெரிய ஓட்டை.

காரணம் குப்பை கூட்டுவது. மைக்ரோபைத்தனில் ஒரு தசம எண்ணைக் கூட்டினாலே பொதுவாக மெமரியில் புதிதாக ஒரு பொருள் உருவாகும். பழையவை குவிந்து இடம் முடிந்ததும், ஓடுகிற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அது குப்பை கூட்டும். ஏ9 வீதியில் பஸ்ஸில் போகிறீர்கள் என்று வையுங்கள். முறிகண்டியில் பஸ் நிற்கும், அது எல்லோருக்கும் தெரியும். டிரைவர் இறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பார், சனம் இறங்கிக் கச்சான் வாங்கும். எத்தனை நிமிடம் என்று யாராலும் சொல்ல முடியாது, கச்சான் கடையில் கூட்டத்தைப் பொறுத்தது. யாழ்ப்பாணம் போகிறவருக்கு அதில் ஒரு குறையும் இல்லை. ஒரு மில்லிசெக்கனுக்கு ஒருமுறை வாசல் திறக்க வேண்டிய வேலைக்கு அந்தப் பஸ் சரிவராது. குப்பை கூட்டச் சில மில்லிசெக்கன் போனாலே, அத்தனை அளவுகள் காணாமல் போகும்.

நாங்களாகவே சரியான நேரத்தில் ஜிசி கலெக்ட் (குப்பை கூட்டச் சொல்கிற கட்டளை) கூப்பிடலாம், முன்கூட்டியே இடம் ஒதுக்கிய அரேயை (எண்களை அடுக்குகிற வரிசை) மட்டும் பாவிக்கலாம். செய்து பார்த்தேன், குறைந்தது, போகவில்லை. அப்படி ஒவ்வொரு வரியிலும் மெமரி உருவாகுதா என்று பயந்து எழுதுவதென்றால் பிறகு பைத்தனின் சுகம் எங்கே?

ஒரு மாற்று வழி இருக்கிறது, அதைச் சொல்லாவிட்டால் தெரிந்தவர்கள் பிடிப்பார்கள். எம்பியு6050 க்குள்ளேயே 1024 பைட் வரிசை மெமரி ஒன்று இருக்கிறது. மூன்று அச்சுக்கும் சேர்த்து ஓர் அளவு 6 பைட், ஆக 170 அளவுகள் அதற்குள் நிற்கும். சென்சர் தன் கடிகாரத்தில் எடுத்து அடுக்கி வைக்கும், நாங்கள் 170 மில்லிசெக்கன் நிறையுமுன் வந்து அள்ளிக்கொண்டால் போதும். ஒரு மில்லிசெக்கன் கெடு 170 ஆக இளகிவிட்டது, மைக்ரோபைத்தனுக்கும் மூச்சு வரும். கெடுவை வன்பொருளிடம் தள்ளிவிட முடிந்தால் மொழித் தேர்வு பாதி லேசாகிவிடும். சென்சர் வாங்கும்போதே இப்படி உள்வரிசை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பைத்தனை லப்டொப்பில் வையுங்கள்

பயிற்சி வேலைக்குப் பைத்தனை விட்டு வேறு எதற்கும் போகாதீர்கள். மொடலைப் பழக்குகிற லைப்ரரி டென்சர்ஃபுளோவோ பைடோர்ச்சோ, எது கைக்கு வருமோ அது. ராத்திரி முழுக்க ஓடினாலும் அங்கே கெடு என்று ஒன்று இல்லை.

மொடலை விட டேட்டாவில்தான் என் நேரம் போனது. மோட்டரை நல்லாய் ஓடவிட்டு, வால்வை மெல்ல மூடி, குழாயை வேண்டுமென்றே தண்ணீருக்கு மேலே தூக்கி (சில செக்கன்தான், மாமா பக்கத்தில் நின்று முறைத்துக்கொண்டிருந்தார்), காலையில், மத்தியானத்தில், வோல்டேஜ் இறங்கிய பின்னேரத்தில் என்று தனித்தனியாகப் பதிந்தேன். பேரிங் தேய்ந்த சத்தத்துக்கு வைண்டிங் கடையில் கழற்றப்போகிற பழைய மோட்டர்களில் சென்சரை ஒட்டிப் பதிய விட்டார்கள். நிறையப் பேர் விடுகிற பிழை: எல்லாப் பதிவையும் துண்டாக வெட்டி, கலக்கி, அதில் ஒரு பங்கைச் சோதனைக்கு வைப்பது. ஒரே பதிவின் அடுத்தடுத்த துண்டுகள் இரண்டு பக்கமும் போய்விடும், மொடல் பாடமாக்கினதையே பரீட்சையில் எழுதி நூறு வாங்கும். ஒரு நாள் பதிவை முழுதாகப் பயிற்சிக்கு, இன்னொரு நாளை முழுதாகச் சோதனைக்கு வையுங்கள். மதிப்பெண் விழும், அதுதான் உண்மையான மதிப்பெண்.

மொடல் பெரிதாக வேண்டாம். எஃப்எஃப்டியில் வருகிற 128 எண்கள், நடுவில் 16 நியூரோன், வெளியே 4. எடைகள் 2100 சொச்சம். அதை 32 பிட் தசமத்திலிருந்து 8 பிட் முழு எண்ணாகக் குவான்டைஸ் செய்தால் நாலில் ஒன்றாகச் சுருங்கி 2 கிலோபைட் சொச்சம் வரும். இந்த அளவு மொடலுக்கு அது மெமரிக்காகத் தேவையில்லை, பழக்கத்துக்காகச் செய்யுங்கள், அடுத்த மொடல் இவ்வளவு சின்னதாக இருக்காது.

போர்ட்டுக்குள் சி++

மொடலை ஓட்ட டென்சர்ஃபுளோ லைட்டின் மைக்ரோகொன்ட்ரோலர் வடிவத்தை எடுத்தேன் (2024 இலிருந்து அதற்கு லைட்ஆர்டி என்று பெயர், பழைய பாடங்களில் பழைய பெயர்தான் இருக்கும்). அது சி++ இல் எழுதியது, அதனால் நீங்களும் சி++ தான். முழு சி++ படிக்கத் தேவையில்லை. வகுப்பு, ரெஃபரன்ஸ், கொன்ஸ்ட், இவ்வளவு தெரிந்த சி ஆள் சமாளிப்பார். பயிற்சி முடிந்த மொடல் ஃபைலை ஒரு நீண்ட பைட் அரேயாக மாற்றிக் கோட்டுக்குள்ளேயே ஒட்டிவிடுகிறோம், அது ஃபிளாஷில் இருக்கும். ஓடுவதற்கான மெமரியை அரீனா என்று ஒரு நிலையான அரேயாக நாங்களே முதலில் கொடுக்கிறோம், அதற்குப் பிறகு அது வேறு மெமரி கேட்பதில்லை. மல்லொக் (ஓடும்போது மெமரி கேட்பது) இல்லை, குப்பை இல்லை, முறிகண்டி இல்லை.

இங்கே நான் விழுந்த குழிகளைச் சொல்கிறேன்.

அதிர்வை 8 பிட்டாக மாற்றும்போது, எண்ணை மொடலோடு வருகிற ஸ்கேல் என்ற எண்ணால் வகுத்து ஸீரோ பொயின்ட் என்ற எண்ணைக் கூட்டுகிறோம். விடை மைனஸ் 128 இலிருந்து 127 க்குள் இருக்க வேண்டும். பயிற்சியில் பார்த்ததை விடப் பெரிய அதிர்வு வந்து விடை 140 என்று வந்தால்? எல்லையில் பிடித்து நிறுத்தாவிட்டால் 8 பிட்டுக்குள் அது மைனஸ் 116 ஆகப் புரண்டுவிடலாம். மோட்டர் உச்சத்தில் நடுங்குகிறது, மொடலுக்கோ அது தூங்குகிற மாதிரித் தெரியும். இரண்டு வரி 'இஃப்' எழுதினால் தீர்ந்தது. இதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள், 1996 ஜூன் 4 இல் ஏரியான் 5 ரொக்கெட் கிளம்பி 37 செக்கன் அளவில் தடம் மாறிச் சிதறியதற்கு இதே இனத்துப் பிழைதான் காரணம், 64 பிட் தசமத்தை 16 பிட் முழு எண்ணுக்குள் திணித்தது. அந்தக் கோட் எழுதியது ஏடாவில், பாதுகாப்புக்கென்றே பெயர் எடுத்த மொழி.

அடுத்தது, ஈஎஸ்பி32 இன் தசமக் கணக்கு வன்பொருள் 32 பிட்டுக்கு மட்டும்தான். 0.5 என்று எழுதினால் சி++ அதை டபுளாக (64 பிட் தசமம்) எடுக்கும், கணக்கு மென்பொருளில் ஊர்ந்து போகும். 0.5எஃப் என்று எழுதுங்கள். ஓர் எழுத்துத்தான், எஃப்எஃப்டி நேரத்தில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். இன்டரப்டுக்குள் (ஓடுகிற வேலையை இடைமறித்து ஓடுகிற கோட்) தசமக் கணக்கைத் தொடவே தொடாதீர்கள்.

பிறகு ஃப்ரீஆர்டிஓஎஸ், சிப்பின் நேரத்தை வேலைகளுக்குப் பங்கிடுகிற சின்ன இயங்குதளம். சென்சர் வாசிப்பது ஒரு டாஸ்க், கணக்குப் போடுவது இன்னொன்று, வைஃபை வேறு. எஸ்பிரெசிஃப் நிறுவனம் இந்தச் சிப்புக்குத் தருகிற ஐடிஎஃப் மென்பொருளில் டிக் (இயங்குதளத்தின் கடிகாரத் துடிப்பு) வழக்கமாக செக்கனுக்கு 100, அதாவது 10 மில்லிசெக்கனுக்கு ஒன்று. அதில் 1 மில்லிசெக்கன் டிலே கேட்டால் பூச்சியம் என்று கணக்கிட்டு நிற்காமலே ஓடிவிடும். வன்பொருள் டைமரை வையுங்கள், அதன் இன்டரப்ட் வாசிக்கிற டாஸ்க்கைத் தட்டி எழுப்புவதோடு நிற்கட்டும். வாசிக்கிற டாஸ்க்குக்குத்தான் உயர்ந்த முன்னுரிமை, அதை வைஃபை இல்லாத கோரில் கட்டிவிடுங்கள். எம்பியு6050 ஐ 400 கிலோஹேர்ட்ஸில் ஒருமுறை வாசிக்க 0.2 மில்லிசெக்கன் அளவு போகும், மில்லிசெக்கனில் ஐந்தில் ஒன்று அங்கேயே செலவு, கணக்கில் வையுங்கள். 256 இடமுள்ள அரே இரண்டு: ஒன்று நிறையும்போது மற்றதில் எஃப்எஃப்டி நடக்கும்.

சராசரியைப் பார்க்காதீர்கள்

எழுதி முடித்தபின் அளந்து பாருங்கள். வாசிக்கத் தொடங்கும்போது போர்ட்டின் ஒரு காலில் (பின்) வோல்டேஜை உயர்த்தி முடிந்ததும் இறக்குங்கள், மலிவான லொஜிக் அனலைசரை (அந்த ஏற்ற இறக்கத்தை நேரத்தோடு பதிகிற கருவி) அதில் கொழுவி ஒரு மணித்தியாலம் விடுங்கள். சராசரி எவ்வளவு என்பது முக்கியமில்லை, மிக மோசமான ஒன்று எவ்வளவு என்று தேடுங்கள். வைஃபை அறுந்து மறுபடி இணைகிற நேரம், ஃபிளாஷில் எதையாவது எழுதுகிற நேரம், இதெல்லாம் வேண்டுமென்றே நடக்கவிட்டு அளந்து பாருங்கள். இதில் நியூரல் நெட்வேர்க்குக்கு ஒரு நல்ல குணம் உண்டு. உள்ளே வருகிற எண் என்னவாக இருந்தாலும் அதே பெருக்கல், அதே கூட்டல், ஆகவே ஓடுகிற நேரம் கிட்டத்தட்ட மாறாது. ஏஐ என்றால் எப்போது முடியும் என்று தெரியாது என்று பயப்படுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. ஆடுவது மொடல் இல்லை, அதைச் சுற்றி இருக்கிறதுதான்.

மற்ற மொழிகள்

ரஸ்ட் எனக்குப் பிடிக்கும். இரண்டு டாஸ்க் ஒரே அரேயை ஒரே நேரத்தில் தொடுகிற பிழையைக் கொம்பைலரே (கோட்டைச் சிப்புக்குப் புரிகிற மாதிரி மாற்றுகிற மென்பொருள்) பிடித்துவிடும், மேலே சொன்ன இரண்டு அரே மாற்றத்தில் சி++ இல் நான் இரண்டு நாள் தேடின பிழை அதுதான். ஆனால் ஈஎஸ்பி32 இன் எக்ஸ்டென்சா கோருக்குத் தனிக் கொம்பைலர் இறக்க வேண்டும் (ஈஎஸ்பி32 சி3 போன்ற ரிஸ்க் ஃபைவ் சிப்புக்கு அந்தத் தலையிடி இல்லை), மொடல் ஓட்டுகிற லைப்ரரிகளும் இன்னும் சி++ பக்கம்தான் செழிப்பு. முதல் கருவிக்கு வேண்டாம், இரண்டாவதற்குப் பாருங்கள். ஏடா விமானம், ரயில் என்று போகிறவர்களுக்கு. தனி சி மட்டும் போதும் என்றால், இந்த மாதிரிச் சின்ன மொடலைக் கையாலேயே எழுதலாம், இரண்டு ஃபோர் லூப்தான், ஒருமுறை எழுதிப் பார்ப்பது நல்லது.

யானைக்குக் கமரா வைக்க வேண்டும் என்று ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் இருந்து கேட்கிறவர்களுக்கு மட்டும் வேறு பதில். படம் பார்க்கிற வேலைக்கு ராஸ்பெரி பை மாதிரி லினக்ஸ் போர்ட் எடுங்கள், அங்கே பைத்தனிலேயே எழுதலாம். வயல் வரப்புக்கு யானை வந்து ஒரு செக்கன் கழித்து சைரன் அடித்தால் ஒன்றும் கெடாது. லினக்ஸிலேயே இறுக்கமான கெடு வேண்டும் என்றால் ரியல்டைம் பிரீஎம்ப்ஷன் (அவசர வேலைக்காக மற்றதை இடைநிறுத்துகிற வசதி) 2024 இல் வந்த 6.12 கேர்னலிலிருந்து (லினக்ஸின் மையப் பகுதி) மெயின் லினக்ஸுக்குள்ளேயே இருக்கிறது.

கடைசியாகக் கொன்டாக்டர். நீல நிறச் சின்ன ரிலேயை மோட்டருக்கு நேரே கொடுக்காதீர்கள், ஸ்டார்ட் கரண்டில் ஒட்டிக்கொள்ளும். ரிலே கொன்டாக்டரை இழுக்கட்டும், கொன்டாக்டர் மோட்டரை இழுக்கட்டும், 230 வோல்ட் பக்கத்தை வயரிங் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். பெட்டியில் வயர் போகிற ஓட்டையை அடைத்துவிடுங்கள், சூட்டுக்கு எறும்பு வந்து கொன்டாக்டருக்குள் குடியிருக்கும். வோச்டோக்கைப் போட மறக்காதீர்கள், டாஸ்க் தொங்கினால் போர்ட் தானாக மறுபடி எழும்பட்டும்.

போர்ட் ஒரேயடியாகச் செத்தால் மோட்டர் நிற்பதா, ஓடுவதா என்பதை நானாக முடிவு செய்யவில்லை, மாமாவிடம் கேட்டேன். "நிக்கட்டும். தண்ணி நாளைக்கும் இறைக்கலாம்" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதுசரி, உன்ர பெட்டி பழுதெண்டா நான் எப்பிடி இறைக்கிறது?" என்று கேட்டார். அதனால் பெட்டியின் பக்கத்தில் ஒரு பழைய மாதிரிச் சுவிட்ச், ஏஐயைத் தாண்டி நேரே கொன்டாக்டருக்கு. அதற்கு ஒரு வரி கோட்டும் தேவைப்படவில்லை.